நெருப்பும் களிமண்ணும்: வரலாற்று விளையாட்டில் கற்பனை இனங்கள்

தமிழ்த்துறை ஆசிரியரிடம் மாணவர்கள் கொண்டுவந்து தரும் கையெழுத்துப் படிகள் பெரும்பாலும் கவிதைகளாகவே இருக்கும். சென்ற பருவத்தில் வணிகவியல் பயிலும் மாணவர் ஒருவர் என்னிடம் தந்த குறிப்பேடு அவ்வகையைச் சார்ந்ததன்று. அட்டையில் 'காயல் 1290' என்று எழுதியிருந்தது. உள்ளே தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்திலிருந்து பொதியில் மலை வரைக்கும் ஒரு நிலப்படம். குதிரைக் கப்பல்கள், முத்துச் சலாபம், பாண்டியன் சுங்கம், பள்ளிவாசல், கொல்லர் தெரு என ஒவ்வொன்றும் வண்ண மையில் குறிக்கப்பட்டிருந்தன. "தமிழ்ச் சொற்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துத் தாருங்கள் ஐயா" என்றார். அது கதையா நாடகமா என்று கேட்டேன். "விளையாட்டு ஐயா. நாங்கள் ஐந்து பேர் வெள்ளிதோறும் மாலையில் கூடி ஆடப்போகிறோம்" என்பது விடையாக வந்தது.

இத்தகைய விளையாட்டை அறியாதார் நம்முள் பலர் இருப்பர். ஆதலின் ஒரு சொல். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். நடத்துநர் சூழலை உரைப்பார். ஆடுவோர் தம் பாத்திரம் என்ன செய்யும் என்று உரைப்பர். செயல் கைகூடிற்றா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் தாய். இருபது முகம் கொண்ட பகடையெல்லாம் இவ்விளையாட்டில் உண்டு. பகடை உருட்டுவது மார்க்கத்தில் கூடுமா என்பது ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிய வேண்டிய வினா. அதில் தலையிட எனக்குத் தகுதியில்லை. என் வினா வேறு.

அம்மாணவரின் காயலில் மனிதர் மட்டும் வாழவில்லை. மேலைநாட்டு விளையாட்டு நூல்களில் கண்ட மூன்று இனங்களை அவர் அங்கே குடியேற்றியிருந்தார். கீஷ் தீவிலிருந்து குதிரை ஏற்றிவரும் வணிகர்கள் 'எல்ஃப்' இனத்தார்: அழகர், கல்விமான்கள், நெடுவாழ்வினர், அரபுப் பெயர் தாங்கியவர். கொல்லர் தெருவில் உலைக்களம் காப்போர் தாடி நீண்ட குள்ளர். பொதியிலின் காடுகளில் 'ஓர்க்' கூட்டம். அவர்களைப் பற்றிய பக்கத்தில் மொழி என்ற இடத்தில் 'இல்லை' என்றும், தொழில் என்ற இடத்தில் 'கொள்ளை' என்றும், இயல்பு என்ற இடத்தில் 'தீமை' என்றும் எழுதப்பட்டிருந்தது.

உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்ஃபுகளைப் பற்றிய பக்கத்தை வாசித்தபோது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி எழுந்தது. நம் கரைக்கு வந்த அரபு வணிகரை இத்துணை அழகாக வரைந்திருக்கிறாரே என்று எண்ணினேன். மூன்றாம் பக்கத்திற்கு வந்த பின்னரே அம்மகிழ்ச்சி கசந்தது. "தம்பி, 1290இல் அந்த மலையில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள் யார்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். அம்மலைத்தொடரில் காணிக்காரர் இன்றும் வாழ்கின்றனர். தேனும் மருந்துச் செடியும் அறிந்த மக்கள். அவர்களை இழிவு செய்ய அவர் எண்ணவில்லை; அவர்களை அவர் எண்ணவேயில்லை. மலையில் யாரையேனும் வைக்க வேண்டியிருந்தது, நூலில் ஓர்க் இருந்தது, வைத்துவிட்டார்.

இச்சிக்கல் ஒரு மாணவரின் குறிப்பேட்டோடு முடிவதன்று. உண்மையான வரலாற்றைத் தழுவிப் படைக்கப்படும் உலகில் எந்த நிலப்பகுதியும் வெற்றிடமாக இருப்பதில்லை. எனவே பிறப்பிலேயே தீயதாகப் படைக்கப்பட்ட ஓர் இனத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால், அது அவ்விடத்தில் வாழ்ந்த யாரோ சில மக்களின் முகத்தை அணிந்துகொண்டுதான் நிற்கும். முற்றிலும் கற்பனையான உலகிலாவது தப்ப வழியுண்டு. காயல் என்றும் பாண்டியன் என்றும் பெயர் சூட்டிய பின் வழியில்லை.

ஓர்க் என்னும் அச்சொல்லின் வரலாறே இதற்குச் சான்று. அவ்வினத்திற்கு இன்று நாம் அறியும் உருவத்தைக் கொடுத்தவர் ஆங்கிலேய எழுத்தாளர் டோல்கீன். அவருடைய பெருநாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55இல் வெளிவந்தது. 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஓர்க்குகளின் தோற்றத்தை விளக்கப் புகுந்தவர், ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றவராகத் தோன்றும் மங்கோலிய முகத்தின் சிதைந்த வடிவமாக அவர்களை விவரிக்கிறார். கற்பனை என்று நாம் கருதியிருந்த முகம் எங்கிருந்து வந்தது என்பது இக்கடிதத்தில் தெரிந்துவிடுகிறது. டோல்கீனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், ஓர் இனம் முழுவதும் மீட்சிக்கு இடமின்றித் தீயதாக இருத்தல் கூடுமா என்ற கேள்வி அவரைப் பின்னாளில் உறுத்திக்கொண்டே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமயப்பற்றுள்ள கத்தோலிக்கர் அவர். அவரைப் பின்பற்றிய விளையாட்டு நூலாசிரியர் பலருக்கு அந்த உறுத்தலும் இல்லை.

மேலைநாட்டாரை மட்டும் குறை கூறிவிட்டு நாம் நகர்ந்துவிட இயலாது. யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரைப் பற்றியும், துல்கர்னைன் எழுப்பிய தடுப்பைப் பற்றியும் திருமறை கூறுகிறது. அது நம் நம்பிக்கை. ஆனால் அக்கூட்டத்தார் இன்ன நாட்டார்தாம் என்று விரல் நீட்டிக் காட்டும் வேலையை மனிதர்கள் தாமே எடுத்துக்கொண்டார்கள். அப்பாசியக் கலீபா அல்வாஸிக் (ஆட்சி 842-847) அத்தடுப்பு உடைந்ததாகக் கனவு கண்டு, பன்மொழி அறிந்த ஸல்லாம் என்பவரை வடதிசைக்கு அனுப்பிய செய்தியை இப்னு குர்தாத்பிஹ் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். துருக்கியரை அக்கூட்டத்தோடு உறவுபடுத்தி எழுதியோர் உண்டு. பின்னர் மங்கோலியர் வந்தபோது அவர்களையும் அவ்வாறே கண்டனர். ஐரோப்பியரோ தாத்தாரியர் என்னும் பெயரை நரகத்தைக் குறிக்கும் 'தார்த்தாரஸ்' என்ற சொல்லோடு பொருத்திப் பார்த்தனர்.

1258இல் ஹுலாகுவின் படை பக்தாதை அழித்தது. அன்று அந்நகரில் உயிர்தப்பிய ஒருவரிடம் சென்று, "இவர்கள் மனித இனம்தான்" என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஹுலாகுவின் பெரியப்பன் மகன் பெர்க்கே அப்போதே இஸ்லாத்தைத் தழுவியிருந்தார். அவர் பின்னர் ஹுலாகுவை எதிர்த்தே படை நடத்தினார். 1295இல், அதாவது பக்தாத் வீழ்ந்த முப்பத்தேழாம் ஆண்டில், ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் காஸான் கலிமாச் சொல்லி முஸ்லிமானார். அவருடைய அமைச்சர் ரஷீதுத்தீன் தொகுத்த 'ஜாமிஉத் தவாரீக்' சீனம், இந்தியா, ஐரோப்பா ஆகியவற்றின் வரலாறுகளையும் ஒன்றாகத் தந்த பெருநூல். பிறவித் தீயோர் என்று முத்திரை குத்தப்பட்டிருந்தோர் நான்கு தலைமுறைக்குள் அடைந்த மாற்றம் இது. இப்போது நம் மாணவரின் குறிப்பேட்டுக்கு வாருங்கள். 'இயல்பு: தீமை' என்று எழுதப்பட்ட ஓர்க்குகளிடையே ஒரு பெர்க்கே தோன்ற முடியுமா? முடியாது. விளையாட்டின் விதி இடங்கொடாது. மாறவே இயலாத ஓர் இனத்திற்குப் போர் இருக்கலாம். வரலாறு இருக்க வழியில்லை.

அப்படியாயின் மனிதரல்லாத இனம் எதையுமே வரலாற்று உலகில் கொண்டுவருதல் கூடாதா? என் கருத்து அதுவன்று. நம்மிடம் அதற்கு நல்லதொரு மாதிரி ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இருக்கிறது. ஜின்களைச் சொல்கிறேன்.

எம்.ஃபில். ஆய்வுக்காகச் சீறாப்புராணத்தைப் பாடம் பாடமாக வாசித்த நாள்களில், ஜின்கள் ஈமான் கொண்டதைக் கூறும் படலத்தை நான் காப்பிய அணி என்றே எண்ணிக் கடந்துபோயிருந்தேன். உமறுப்புலவருக்கு அது அணியன்று என்பதை இப்போது உணர்கிறேன். தாயிப் நகரத்தார் கல்லெறிந்து விரட்ட, மனம் நொந்து திரும்பும் வழியில் நபிகள் நாயகம் (ஸல்) இறைமறை ஓதுகிறார்கள். மனிதர் கேட்க மறுத்ததை ஜின்களின் கூட்டமொன்று நின்று கேட்டு ஏற்றுத் தம் இனத்தாரிடம் சென்று எடுத்துரைக்கிறது. திருமறையின் 72ஆம் அத்தியாயத்திற்கு அவ்வினத்தின் பெயரே தலைப்பு. அங்கே ஜின்களே தம்மைப் பற்றிப் பேசுகின்றனர்: நல்லோரும் எம்மில் உளர், அல்லாரும் உளர், பல வழிகளில் பிரிந்து நிற்கிறோம் என்பது அவர்தம் கூற்றின் கருத்து. நெருப்பினால் படைக்கப்பட்ட இனம். மனிதர் கண்ணுக்குப் புலப்படா இனம். ஆயினும் தேர்ந்துகொள்ளும் உரிமையும், தேர்ந்ததற்குக் கணக்குக் கொடுக்கும் கடமையும் உடைய இனம்.

இதைவிடக் கூர்மையான இடம் இப்லீஸின் வரலாற்றில் இருக்கிறது. ஆதம் (அலை) அவர்களுக்குப் பணிய மறுத்த இப்லீஸ் கூறிய காரணம் யாது? தான் நெருப்பினால் ஆனவன், அவரோ களிமண்ணால் ஆனவர் என்பதே. செயலைப் பேசவில்லை, அறிவைப் பேசவில்லை, படைக்கப்பட்ட பொருளைக் காட்டித் தன்னை உயர்ந்தவன் என்றான். பிறப்பின் மூலப்பொருளைக் கொண்டு தகுதியை அளக்கும் வாதம் உலகில் முதன்முதலாக எழுந்த இடம் அது. எழுப்பியவன் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

இந்நோக்கோடு பழைய விளையாட்டு விதிகளைப் பார்த்தால் வியப்பு எழும். 1978இல் வந்த விதிநூலில் குள்ளராகப் பிறந்தவருக்கு உடலுறுதியில் ஒரு புள்ளி கூடும். பிறரை ஈர்க்கும் ஆற்றலில் ஒரு புள்ளி குறையும். பாதி ஓர்க்காகப் பிறந்தவருக்கு வலிமை ஏறும். ஈர்ப்பில் இரண்டு புள்ளி இறங்கும். மனிதரல்லாதார் பெரும்பாலான தொழில்களில் ஒரு குறிப்பிட்ட படிக்கு மேல் எவ்வளவு முயன்றாலும் ஏற இயலாது. இந்தப் படித்தடை 2000ஆம் ஆண்டில் வந்த பதிப்பில்தான் நீங்கியது. 2020இல் அந்நிறுவனம், ஓர்க் முதலிய இனங்களைத் தீயவையாகவே சித்திரித்தது நிகழ்கால மக்களைக் குறித்த இழிவுரைகளை நினைவூட்டியது என்று ஒப்புக்கொண்டது. 2024ஆம் ஆண்டு நூலில் இனம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே நீக்கி, உயிர்வகை என்று பொருள்படும் சொல்லை இட்டுவிட்டனர். பெயரை மாற்றியது போதுமா என்பது வேறு. பிறப்பு வேறு குணம் வேறு என்று உணர அவர்களுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. சாதிப் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் நாம் அவர்களைப் பார்த்து நகைக்க வேண்டியதில்லை.

நம் வாசகருக்குச் சுவை தரத்தக்க இன்னொரு நூலும் உண்டு. அதே விளையாட்டுக்காக 1992இல் ஜெஃப் கிரப் என்பவரைக் கொண்டு 'அல்-காதிம்' என்ற உலகு வெளியிடப்பட்டது. ஆயிரத்தொரு இரவுகளின் கதையுலகையும் அப்பாசியர் காலத்தையும் ஒட்டிப் படைத்த நாடு. ஸகாரா என்பது பெயர். அங்கே பெருங்கலீபா ஆள்கிறார். பாலைவனம், சந்தை, பள்ளிக்கூடம், ஜின்னை ஏவும் அறிஞர் அனைத்தும் உண்டு. மற்ற உலகங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் எல்ஃபும் குள்ளரும் ஓர்க்கும் பிற இனத்தாரும் இங்கே ஒரே சந்தையில் பேரம் பேசுகின்றனர். அனைவருக்கும் ஒரே சட்டம். இனத்தைக் கேட்பாரில்லை, விருந்தோம்பல், மானம், சொல் தவறாமை ஆகியவற்றையே கேட்பர். அரபியர் அல்லாதவரைவிட அரபியருக்கு உயர்வில்லை என்று இறுதிப் பேருரையில் நபிகள் நாயகம் (ஸல்) உரைத்த நெறியின் தொலைதூர எதிரொலியை ஓர் அமெரிக்க விளையாட்டு நூலில் கேட்டபோது எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஆயினும் இரண்டு குறைகள். கலீபா இருக்கிறார், பள்ளிவாசலை நினைவூட்டும் கோபுரம் இருக்கிறது, ஆனால் வணங்கப்படுவோர் பல தெய்வங்கள். உண்மைச் சமயத்தை விளையாட்டுப் பொருளாக்க அவர்கள் தயங்கியிருக்கலாம், அத்தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சமத்துவம் எந்த வேரிலிருந்து வந்ததோ அவ்வேரை அகற்றிவிட்டுக் கிளையை மட்டும் நட்டிருக்கிறார்கள். இரண்டாவது குறையே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. ஸகாராவில் சமத்துவம் விலையின்றிக் கிடைத்துவிட்டது. எவரும் அதற்காகப் போராடவில்லை. எல்ஃபின் காது நீண்டிருக்கிறது, ஓர்க்கின் பல் வெளியே நிற்கிறது, மற்றபடி வேற்றுமை ஒன்றுமில்லை. உண்மையான பக்தாத் அவ்வாறு இருக்கவில்லை. சட்டம் ஒன்றென்றது, தெரு வேறொன்று சொன்னது. அரபியரே உயர்ந்தோர் என்ற பெருமையை எதிர்த்துப் பாரசீக எழுத்தாளர் முதலானோர் எழுப்பிய 'ஷுஊபிய்யா' விவாதம் நெடுங்காலம் நடந்தது. பஸராவை அடுத்த உவர்நிலங்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகள் 869 முதல் 883 வரை பதினான்கு ஆண்டுகள் கிளர்ந்து நின்றனர். நெறிக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்த இந்தத் தூரமே அக்காலத்தின் வரலாறு. கதை பிறக்கும் இடமும் அதுவே. நல்லதொரு விளையாட்டு நடத்துநர், ஓர்க் குலத்தில் பிறந்து சட்டம் பயின்ற ஒருவர் நீதிபதி இருக்கையில் அமரும் முதல் நாளைக் காட்டுவார். வழக்காடுவோர் சட்டத்தின்படி அவர்முன் நிற்க வேண்டும். நிற்கும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்பதில் ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆடலாம்.

நம் முன்னோர் இதில் எவ்வளவு நுணுக்கம் காட்டினர் என்பதற்கு ஒரு நூலைச் சொல்வேன். டமாஸ்கஸ் அறிஞர் பத்ருத்தீன் ஷிப்லி 14ஆம் நூற்றாண்டில் ஜின்களைப் பற்றிய மார்க்கச் சட்டங்களுக்கென்றே ஒரு நூல் இயற்றினார். ஜின்னோடு திருமணம் கூடுமா, ஜின்னைச் சேர்த்துக் கூட்டுத் தொழுகை நிறைவேறுமா என்பன போன்ற வினாக்களை அவர் எடுத்து ஆராய்கிறார். இது எள்ளி நகையாடத்தக்க செய்தி என்று சிலர் கருதலாம். நான் அப்படிக் கருதவில்லை. மற்றோர் இனம் உண்மையில் நம்மிடையே வாழ்கிறது என்று நம்பியவர், அதனைக் கொல்வது எப்படி என்று முதலில் கேட்கவில்லை. அதற்கும் நமக்கும் உள்ள கடப்பாடு யாது என்று கேட்டார். ஒரு கற்பனை இனத்தை வரலாற்றுக்குள் அமர்த்த விரும்புவோர் முதலில் எழுத வேண்டிய பக்கம் அதுதான். யாருடன் மணவினை கொள்வர், யார் சாட்சியம் செல்லும், சொத்து யாருக்கு, கடன் பட்டால் பிணை யார்?

தமிழ்க் காப்பியங்களும் இவ்வழியில் சென்றவையே. சிலப்பதிகாரப் புகாரில் சதுக்கப் பூதம் நகருக்கு வெளியே காட்டில் திரியவில்லை. நாற்சந்தியில் நிற்கிறது. பொய்ச்சாட்சி கூறுவோரையும் போலித் துறவிகளையும் பிடித்து உண்ணும் பணி அதற்கு உண்டு. மணிமேகலையில் வரும் சாதுவன் கதையோ நம் மாணவரின் ஓர்க்குகளுக்கு நேரான விடை. கலம் உடைந்து கரையேறிய அவனை உண்ண வருவோர் நக்க சாரணர் என்னும் நாகர். ஆடையற்றோர், நரமாமிசம் உண்போர். விளையாட்டு நூல் கண்ணோட்டத்தில் இவர்களைவிடச் சிறந்த ஓர்க்குகள் கிடையா. சாத்தனார் என்ன செய்கிறார்? சாதுவனுக்கு அவர்கள் மொழி தெரிந்திருந்தது என்கிறார். அவன் வாய் திறந்தவுடன் அவர்கள் விலகித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். எலும்பும் புலால் நாற்றமும் சூழ்ந்த இடத்தில் அமர்ந்திருக்கும் அத்தலைவன் கள்ளும் ஊனும் தந்து விருந்தோம்புகிறான். அவற்றை மறுத்த சாதுவனோடு, உடலைவிட்டுப் போகும் உயிர் எத்தன்மையது என்று தருக்கம் செய்கிறான், ஏற்கிறான். முழுவதும் மாறிவிடவுமில்லை. கலமுடைந்து வருவோரைக் கொல்வதில்லை, மூத்து இறக்கும் விலங்குகளை மட்டும் உண்போம் என்ற அளவில் ஓர் உடன்பாடு அமைகிறது. முன்னர் உண்ணப்பட்டோரின் உடைமைகளைச் சாதுவனிடம் அள்ளிக் கொடுத்து, சந்திரதத்தன் என்னும் வணிகன் கலத்தில் ஏற்றி அனுப்புகின்றனர்.

அந்த உடைமைகளை நினைத்துப் பாருங்கள். செத்தவர்களின் சந்தனமும் அகிலும் துகிலும். சாத்தனார் நாகரை நல்லவர்களாக்கி நம்மை ஏமாற்றவில்லை. அவர்கள் செய்த கொலைகளுக்கான சான்று கப்பலில் ஏறிப் புகாருக்கே வருகிறது. தீமையை அவர் குறைக்கவில்லை. ஆனால் அதை அவர்களின் பிறவி என்று எழுதாமல் வழக்கம் என்று எழுதினார். வழக்கம் என்றால் பேசி மாற்றலாம். பேசுவதற்கு மொழி வேண்டும். நம் மாணவரோ மொழி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். குறிப்பேட்டில் நான் சிவப்பு மையால் வட்டமிட்ட ஒரே சொல் அது.

இவ்விளையாட்டுத் துறையிலேயே இதனை நன்கு உணர்ந்தோரும் உளர். 1987இல் முதலில் வெளிவந்த 'ஆர்ஸ் மேஜிகா' 1220ஆம் ஆண்டின் ஐரோப்பாவைக் களமாகக் கொள்வது. அங்கே பிறிதொரு கதையுலகிலிருந்து இனங்களை இறக்குமதி செய்வதில்லை. அக்காலத்து உழவரும் துறவியரும் எவற்றை நம்பினரோ அவை மெய் என்று வைத்துக்கொள்வர். வனதேவதைகள் உண்டு, ஆனால் தேவாலயத்தின் செல்வாக்கு நிலவும் ஊருக்குள் அவற்றின் ஆற்றல் குன்றும். எனவே ஒவ்வோர் இனத்திற்கும் இடம், எல்லை, மனிதரோடு கொண்ட பழைய கணக்கு என்பன தாமாகவே அமைந்துவிடுகின்றன. நான் அறிந்த முறைகளுள் இதுவே சிறந்தது. 1290இன் காயலுக்கு எல்ஃப் எதற்கு? அக்கரையில் கப்பலேறி வந்தவர் ஜின்களை அறிவர். இக்கரையில் இருந்தவர் பூதத்தையும் இயக்கரையும் நாகரையும் அறிவர். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை இக்கடற்கரைக்கும் பிற துறைகளுக்குமாக வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். அத்தனை குதிரையோடு எத்தனை கதைகள் வந்திறங்கியிருக்கும்! பாரசீகத்து ஜின்னொன்று நாற்சந்திப் பூதத்தைக் கண்டு அதன் முன் வழக்குரைப்பதாக வைத்தால், இறக்குமதிச் சரக்கு ஏதுமின்றியே ஆட்டம் சூடுபிடிக்கும்.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் கூறியபோது அவர் எளிதில் உடன்படவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "ஐயா, பகைவர் இல்லாவிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும்" என்றார். பகைவர் வேண்டாம் என்று யார் சொன்னது? கொள்ளைத் தலைவன் இருக்கட்டும். அவன் ஏன் கொள்ளையனானான் என்பது அவனுக்காவது தெரிந்திருக்கட்டும். "எல்லாரும் தேர்ந்துகொள்ளலாம் என்றால் யாரைத் தயங்காமல் வெட்டுவது?" என்றார் அடுத்து. இதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. தயங்காமல் வெட்டுவதற்கு ஓர் இனம் வேண்டும் என்ற ஆசை விளையாட்டில் மட்டும் இருப்பதன்று என்று மட்டும் சொன்னேன். இருவரும் சற்று நேரம் சாளரத்திற்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்ஃபுகளை நீக்குவதில்தான் அவருக்கு மிகுந்த வருத்தம். அவர் குடும்பத்தில் பாட்டனாரின் பாட்டனார் அரபு நாட்டிலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்வது வழக்கமாம். நம் வீடுகளில் இப்பேச்சு எழாத திருமண விருந்து உண்டா? யார் எந்தக் கப்பலில் வந்தார், யார் இங்கேயே இருந்து இஸ்லாத்தை ஏற்றார் என்று குலம் பேசிப் பெண் கொடுக்கவும் மறுக்கவும் நாம் தயங்குவதில்லை. ஓர்க்கின் பக்கத்தைத் திருத்த அவருக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. எல்ஃபின் பக்கத்தைத் திருத்த ஒரு மாதம் ஆயிற்று.

திருத்திய குறிப்பேட்டைச் சென்ற வாரம் கொண்டுவந்து காட்டினார். மலையில் இப்போது நாகர் இருக்கின்றனர். அவர்களுக்கு மொழி உண்டு; அதை அறிந்த ஒரே ஆள் காயலில் குதிரைக்குக் கொள் விற்கும் ஒரு கிழவி. கீஷ் தீவின் கப்பலில் வணிகர்கள் மனிதர்களாகவே வருகின்றனர். அவர்களுள் ஒருவனிடம் கடன் பட்ட ஜின் ஒன்றும் உடன் வருகிறது. நாற்சந்தியில் பூதம் நிற்கிறது. இறந்துபோன குதிரைகளுக்கும் விலை கேட்டு வணிகர் பாண்டியனின் அதிகாரியிடம் வழக்குத் தொடுக்கின்றனர். குதிரைகளை மலையில் நாகர் கொன்றனர் என்பது அதிகாரியின் வாதம். கிழவியை அழைத்துக்கொண்டு மலையேற வேண்டியவர்கள் ஆடவிருக்கும் அந்த ஐவர். கொள்ளு என்ற சொல்லை அவர் தவறாக எழுதியிருந்தார். அதைத் திருத்திக் கொடுத்தேன்.